படத்தில் இருப்பது என்ன பறவை? - வாசகர் கேள்விகள்

கேள்வி: சேலம் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஜனவரியில் நான் எடுத்த பழுப்புக் குருவி முதல் படம். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகன் அங்கே புல்வெளியில் எடுத்து அனுப்பியது இரண்டாவது. இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. ஒரே பறவையா?
- அஸ்தம்பட்டி வாசகர்

முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகமாக இருந்தால் 'ஆமாம்' என்றிருக்கும். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் உள்ள இந்த நெட்டைக்காலிகளை (ஆங்கிலத்தில் பிப்பிட்) எல்லாம் அப்போது ரிச்சர்ட்ஸ் பிப்பிட் என்று ஒரே இனமாக வைத்திருந்தார்கள். இப்போது பிரித்துவிட்டார்கள். உங்களுடையது வயல் நெட்டைக்காலி. மகனுடையது ஆப்பிரிக்க நெட்டைக்காலி.

மகன் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் பழுப்பு நெட்டைக்காலிகளைப் பிரிப்பது அங்குள்ளவர்களுக்கே தலைவலி. முதுகைப் பாருங்கள்: கோடுகள் தெளிவாக இருக்கின்றன. அதனாலேயே கோடில்லாத வெறும்முதுகுக்காரர்களான பிளெய்ன்-பேக்டு, பஃபி நெட்டைக்காலிகள் இரண்டும் கழிந்தன. மிச்சமிருக்கும் சந்தேகம் நீண்ட அலகு நெட்டைக்காலி. அதற்குக் கீழ் அலகின் அடிப்பகுதி இளஞ்சிவப்பு, வாலின் ஓர இறகு மங்கலான மஞ்சள்பழுப்பு. ஆப்பிரிக்க நெட்டைக்காலிக்கு அலகடி மஞ்சள், வாலோரம் வெள்ளை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். சாயங்கால வெயில் எல்லா அலகையும் மஞ்சளாக்கிவிடும். இந்தப் படத்தில் பின்னால் கிடக்கும் வெள்ளைக் கல் வெள்ளையாகவே தெரிவதால் அலகின் நிறத்தை நம்பலாம். வாலின் வெள்ளை, பறவை எழும்போதும் இறங்கும்போதும்தான் விரியும். அடுத்த முறை அந்த நொடியில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் படத்தில் வயல் நெட்டைக்காலியா, குளிர்காலத்தில் வந்து தங்கும் ரிச்சர்ட்ஸா என்பதுதான் கேள்வி. முன்னது சுமார் 15 செ.மீ., பின்னது 17-18 செ.மீ. தனியாக நிற்கும் பறவையின் அளவைப் படத்தில் கணிக்கவே கூடாது. நல்லவேளை, பக்கத்தில் ஒரு மைனா மேய்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது பொடியன். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கருங்கோடும் இருக்கிறது. ரிச்சர்ட்ஸுக்கு அந்த இடம் வெளிறியிருக்கும், பின்விரல் நகமும் நன்றாக நீண்டிருக்கும். உங்கள் படத்தில் நகத்தைப் புல் மறைத்துவிட்டது. ஈரமில்லாத கட்டாந்தரையில் அது வரும்வரை பொறுத்திருங்கள்.

இதே பருவத்தில் பிளைத்ஸ் பிப்பிட்டும் வரும். அதைப் பிரிக்க, இறக்கையின் நடு மூடிறகுகளை (இறக்கையின் மேற்புறத்தை மூடும் சிற்றிறகுகளில் நடுவரிசை) பெரிதாக்கிப் பாருங்கள்: கரும்பகுதி சதுரமாக வெட்டினாற்போல் முடிந்தால் பிளைத்ஸ், முக்கோணமாகக் கூர்ந்திருந்தால் ரிச்சர்ட்ஸ். இளம்பறவையின் இறகில் இந்தச் சோதனை செல்லாது. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்திலும் செல்லாது. அது விவரங்களைத் தின்றுவிடும். மூலக் கோப்பையே அனுப்புங்கள்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில், அடிவாரத்துக்குச் சற்று மேலே பாறைச் சரிவில் எடுத்தது. பறவை அடையாளம் சொல்லும் செயலி 'மஞ்சள் தொண்டைச் சின்னான்' (ஒரு வகை புல்புல்) என்கிறது. சரிதானே?
- கன்னங்குறிச்சி வாசகர்

இல்லை, வெண்புருவச் சின்னான். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், கீழே ஒரு வெள்ளைப் பிறை. மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதன் தலையும் தொண்டையும் மஞ்சள், மார்பு சாம்பல், வாலடி மறுபடி மஞ்சள். உங்கள் பறவையின் தொண்டையில் தெரியும் மஞ்சள், இலை வழியாக வந்த வெயிலின் வேலை. செயலியைக் குறை சொல்லவும் முடியாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகளில் அந்த அரிய பறவை உண்மையிலேயே இருக்கிறது. எப்போதாவது கிடைத்தால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டாம். கூட்டின் இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம்.

கேள்வி: கஞ்சமலைக்கு மேலே பறந்த சிறிய வேட்டைப் பறவை வல்லூறா (ஷிக்ரா), பெஸ்ராவா? வயிற்றுப் பக்கம் மட்டும்தான் கிடைத்தது.
- இளம்பிள்ளை வாசகர்

வல்லூறு, இளம்பறவை. இரண்டுக்குமே தொண்டை நடுவில் கோடு உண்டு என்பதால்தான் குழப்பம். பெஸ்ராவுக்கு அது தடித்த மை இழுப்பு, இதற்கு மெல்லியது. வாலைப் பாருங்கள்: கரும்பட்டைகள் இடைவெளியைவிடக் குறுகலாக இருக்கின்றன. பெஸ்ராவுக்குப் பட்டையும் இடைவெளியும் ஏறத்தாழ ஒரே அகலம். இறக்கை நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளை எண்ணுவது இங்கே உதவாது, இரண்டுக்கும் ஐந்துதான். ஆறு எண்ணினால் சிட்டுப்பருந்தைச் சந்தேகிக்கலாம்.

வானத்தை வைத்து வெளிச்சம் அளந்ததால் வயிறு கறுத்துவிட்டது. அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி, ஷட்டரை 1/2000-இல் வையுங்கள்.

கேள்வி: காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் உச்சியில் பச்சைக் குருவி. இறக்கையில் ஒரு மெல்லிய கோடு. வார்ப்ளர் வகைகளில் கிரீனிஷா, கிரீனா, லார்ஜ்-பில்டா?
- ஏற்காடு வாசகர்

படத்தை வைத்துச் சொல்ல மாட்டோம். அது கத்தும்போது போனில் பதினைந்து நொடி பதிவு செய்து அனுப்புங்கள். இரண்டு அசையா, மூன்று அசையா, மேலே ஏறும் விசிலா என்று கேட்டால் தெரிந்துவிடும்.