‘வெறும்’ வேண்டாம்

கேள்வி: ‘வாக்காளர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள், எப்படி வந்தது? நான் எழுத்தாளனும் இல்லை, பேச்சாளனும் இல்லை. வெறும் வாக்காளன். தெரிந்துகொள்ள ஆசை.
– வாசகர் ஒருவர்

பதில்: சொல்லின் பிறப்பு இருக்கட்டும். முதலில் அந்த ‘வெறும்’ என்பதை உங்கள் கடிதத்தில் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். எழுத்தாளருக்கும் பேச்சாளருக்கும் உள்ள அதே ‘ஆளர்’தான் உங்களுக்கும். ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்தது அது. ஆளுவது, கையாளுவது, தன்னுடையதாக வைத்திருப்பது. வாக்கை ஆள்பவர் வாக்காளர். இதில் வெறுமை எங்கே இருக்கிறது?

‘வாக்கு’ வடமொழியிலிருந்து வந்தது. சொல், பேச்சு என்று பொருள். அதனாலேயே அதைத் தள்ளிவிட்டுப் புதுச் சொல் படைக்க வேண்டும் என்று எழுதும் நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ‘வாக்குண்டாம் நல்ல மனமுண்டாம்’ என்று மூதுரை தொடங்கி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! அருள்வாக்கு, வாக்குவாதம், வாக்குமூலம் என்று அது நம் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது ‘செல்வாக்கு’. ஊரில் யாருடைய சொல் செல்லுபடியாகிறதோ அவருக்குச் செல்வாக்கு. சீட்டில் இரண்டு சின்னத்தின் மேலும் முத்திரை குத்திவிட்டால் அது செல்லாத வாக்கு. ஒரே சொல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டு ஓர் ஊரின் அரசியலையே சொல்லிவிடலாம்.

இன்னொன்று பாருங்கள். ‘வாக்குக் கொடுத்தேன்’ என்றால் சத்தியம் செய்தேன் என்று அர்த்தம். ஆங்கில ‘வோட்’டுக்கு மூலமான லத்தீன் ‘வோட்டும்’ என்பதற்கும் சபதம், நேர்த்திக்கடன் என்றுதான் பொருள். நம் ‘ஓட்டு’ அந்த ‘வோட்’டேதான். ஆகவே ‘ஓட்டுப் போட்டேன்’ என்பவரை யாரும் திருத்த வேண்டியதில்லை. போட்டி போடுகிறவரைப் பழைய நாளில் ‘அபேட்சகர்’ என்றார்கள், இப்போது ‘வேட்பாளர்’. இரண்டுக்கும் விரும்புகிறவர் என்று பொருள். அவர் கையில் இருப்பது ஒரு விருப்பம். உங்கள் கையில் இருப்பது ஒரு சொல். யார் பெரியவர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வாக்கு வங்கி’ என்ற தொடரை நம் இதழில் நான் அனுமதிப்பதில்லை. சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் 1950களில் அதை எழுதியபோது, தன்னை அண்டியிருப்பவர்களின் ஓட்டுகளைக் கையில் வைத்திருக்கும் கிராமத்துப் பெரிய மனிதரைப் பற்றிச் சொன்னார். அது சரி. இன்றைக்கு அதே தொடரால் ஒரு சாதியை, ஒரு மதத்தை, ஒரு தெருவையே கூப்பிடுகிறார்கள். யாரோ போட்டு வைத்த பணமா அவர்கள்?

சரி, பழைய சண்டைக்கு வருகிறேன். தேர்தல் என்றதும் உத்திரமேரூரைச் சொல்லாதவர் இல்லை. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஊர்ப் பணிகளைப் பார்க்கும் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது, அவருடைய உறவினர் பெயரும் போகக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அது குலுக்கல். குடம் இருந்தது, ஓலை இருந்தது, வாக்காளர் இல்லை. கால்வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் ஓலையில் ஏறியது. இதை எழுதினால் சோழர் பெருமையைக் குறைக்கிறேன் என்று கடிதம் வருகிறது. குறைக்கவில்லை. இருந்ததைச் சொல்கிறேன். அந்தக் கல்வெட்டில் ‘ஏரி வாரியப் பெருமக்கள்’, ‘தோட்ட வாரியப் பெருமக்கள்’ என்று வரும். பெருமக்கள் என்ற மரியாதை அன்று பதவியில் இருந்தவர்களுக்கு. இன்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பிலிருந்து ‘வாக்காளப் பெருமக்களே’ என்று நம்மைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல் பதவியில் இருப்பவரிடமிருந்து தெருவில் நிற்பவரிடம் வந்து சேர ஆயிரம் ஆண்டு பிடித்தது.

அதுவும் சும்மா வரவில்லை. 1920இல் சென்னை மாகாணத் தேர்தலில்கூடச் சொத்தும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு. வயது வந்த எல்லோருக்கும் என்று ஆனது அரசியலமைப்பின் 326ஆம் பிரிவால். முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தப் பட்டியல் தயாரானபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சென் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது வலிக்கிறது. வாக்கை ஆள வேண்டிய 28 லட்சம் பேருக்குத் தம் பெயர் என்ற ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

அடுத்த முறை வாக்குச்சாவடிக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். விரலில் மை வைப்பதற்கு முன்னால், முதல் மேசையில் இருக்கும் அலுவலர் உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் குனிந்து தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுவார்கள். அறை முழுக்க உங்கள் பெயர் கேட்கும்.