வேடியப்பன் கல்லும் வெள்ளைக் கல்லும்

(வாசகர் கேள்வி – பதில்)

காவேரிப்பட்டணத்து வாசகி ஒருவரின் கடிதத்தைச் சென்ற இதழில் சுருக்கமாக வெளியிட்டு, பதிலை இந்த இதழுக்கு ஒத்திவைத்திருந்தோம். அதற்குள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தே அதையொட்டி இன்னும் சில கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள் என்ற அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

என் பேத்தி பெல்ஜியத்தில் லூவன் நகரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். அருகிலுள்ள ஹெவர்லீ போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லைப் படமெடுத்து அனுப்பி, “பாட்டி, இவனுக்கு இருபது வயதுதான், டெல்லியில் பிறந்தவனாம்” என்று எழுதியிருந்தாள். கல்லில் மேன்சர் என்று பெயர் இருக்கிறது. டெல்லியில் பிறந்த பிள்ளை அங்கே போய் எப்படி இறந்தான்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காவேரிப்பட்டணம்

உங்கள் பேத்தி சொன்னது சரிதான், அம்மா. லெஸ்லி தாமஸ் மேன்சர் 1922 மே 11 அன்று டெல்லியில் பிறந்தவர். தந்தை இந்தியத் தபால் தந்தித் துறையில் பொறியாளர். டார்ஜிலிங் மலையிலுள்ள கர்சியாங்கில் சில காலம் படித்துவிட்டு, பிறகு இங்கிலாந்துக்குச் சென்று அங்கே பள்ளிப்படிப்பை முடித்தார். போர் தொடங்கியபின் தரைப்படையிலும் கடற்படையிலும் முயன்று இடம் கிடைக்காமல், 1940-இல் விமானப்படையில் சேர்ந்தார்.

1942 மே 30 இரவு, பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியின் கொலோன் நகரின் மீது ஒரே இரவில் ஆயிரம் விமானங்களை ஏவத் திட்டமிட்டது. அத்தனை விமானங்கள் கையிருப்பில் இல்லாததால், பயிற்சிப் பிரிவுகளிலிருந்த பழைய விமானங்களையும், பயிற்சியாளர்களையும், பயிற்சி முடியாத மாணவர்களையும்கூடச் சேர்த்து 1,047 என்ற எண்ணிக்கையை எட்டினார்கள். மேன்சருக்குக் கிடைத்தது மான்செஸ்டர் வகை விமானம். அதன் இரண்டு எஞ்சின்களும் நம்பத்தகாதவை என்று பெயரெடுத்தவை. சில வாரங்களிலேயே அந்த வகையைப் போர்ப் பணியிலிருந்து அடியோடு விலக்கிவிட்டார்கள் என்பதிலிருந்தே அதன் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். எஞ்சின் சூடேறியதால் ஏறக்குறைய 7,000 அடிக்கு மேல் ஏற அந்த விமானத்தால் முடியவில்லை. திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் திரும்பவில்லை.

நகரத்தை நெருங்கியதும் சர்ச்லைட் வெளிச்சம் விமானத்தைப் பிடித்துக்கொண்டது. குண்டுகளை வீசிவிட்டுத் தப்பிக்க ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கியும் பீரங்கிகள் விடவில்லை. பின்பக்கத் துப்பாக்கி வீரர் காயமடைந்தார், முன்பகுதியில் புகை மண்டியது. மீண்டும் 2,000 அடிக்கு ஏறியபோது இடப்பக்க எஞ்சின் தீப்பற்றியது. பத்து நிமிடம் போராடித் தீயை அடக்கினார்கள், ஆனால் இறக்கையின் ஒரு பகுதி எரிந்துபோயிருந்தது, எஞ்சினும் நின்றுவிட்டது. வேகம் குறைந்து, உயரம் குறைந்து, இனிப் பிழைக்காது என்று தெரிந்த நிலையில், எல்லோரையும் குதிக்கச் சொன்னார். கடைசியாக ஒரு சார்ஜெண்ட் அவரிடம் பாராசூட்டை நீட்டினார். மேன்சர் அதைக் கையசைத்து மறுத்து, இன்னும் சில விநாடிகள்தான் விமானத்தைச் சமநிலையில் பிடித்திருக்க முடியும், உடனே குதி என்று சொல்லியனுப்பினார். மற்றவர்கள் பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோதே, பெல்ஜியத்தின் ப்ரே என்ற ஊருக்கு அருகே விமானம் தரையில் மோதி எரிந்தது. இருபது வயது நிரம்பி அன்றைக்கு இருபதாவது நாள்.

குதித்த ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் ஜெர்மானியரிடம் சிக்கினார். ஐந்து பேர், தங்கள் உயிரைப் பணயம் வைத்து உதவிய பெல்ஜிய மக்களின் துணையோடு, எதிரியின் பிடியிலிருந்த நாடுகளைக் கடந்து இங்கிலாந்து திரும்பினார்கள். அவர்கள் சொன்ன சாட்சியத்தின் பேரிலேயே 1942 அக்டோபரில் மேன்சருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பேத்தி அனுப்பிய படத்தை மறுபடி பாருங்கள், கல்லில் அந்தச் சிலுவை வடிவம் செதுக்கியிருக்கும்.

குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் எதற்கு? அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?
– கல்லூரி மாணவர், தருமபுரி

போரின் பிற்பாதியில் பெரும்பான்மையாகப் பறந்த லங்காஸ்டர் விமானத்தை வைத்துச் சொல்கிறேன். (மேலே சொன்ன மான்செஸ்டரின் இறக்கையை நீட்டி, இரண்டுக்குப் பதிலாக நான்கு எஞ்சின்களைப் பொருத்தியதில் பிறந்ததுதான் இது.) விமானி, எஞ்சினைக் கவனிப்பவர், வரைபடத்தை வைத்து வழி கணிப்பவர், குண்டைக் குறிபார்த்து விடுபவர், வயர்லெஸ் இயக்குபவர், முதுகுப்பக்கம் ஒரு துப்பாக்கி வீரர், வால்பக்கம் ஒரு துப்பாக்கி வீரர் என ஏழு பேர்.

இவர்களைக் குழுவாக்கிய விதம்தான் வேடிக்கை. பயிற்சி முடித்த இளைஞர்களை ஒரு பெரிய கொட்டகையில் கூட்டி, “நீங்களே உங்களுக்குள் பேசிக் குழு சேர்ந்துகொள்ளுங்கள்” என்று விட்டுவிடுவார்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து, “உனக்கு விமானி கிடைத்துவிட்டானா?” என்று கேட்டுச் சேர்ந்தவர்கள்தான், பிறகு ஒருவர் உயிருக்கு ஒருவர் பொறுப்பானார்கள். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம்!

வாழ்க்கை விசித்திரமானது. பகலில் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சைக்கிளில் சுற்றுவார்கள், மாலையில் கிராமத்து மதுக்கடையில் பாடுவார்கள், மறுநாள் இரவு பெர்லினின் மேலே இருப்பார்கள். பறக்கப் போகிறவர்களுக்கு, முட்டைக்குப் பங்கீடு இருந்த அந்தக் காலத்திலும், முட்டையும் பன்றி இறைச்சியும் கொண்ட தனிச் சாப்பாடு உண்டு. திரும்பி வந்தாலும் அதே சாப்பாடு. “நீ வராவிட்டால் உன் முட்டை எனக்கு” என்று கேலி பேசிக்கொள்வார்கள். முப்பது தடவை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்து ஓய்வு கிடைக்கும். முப்பதை எட்டாதவர்கள் ஏராளம். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். ஆனால் நடுவில் ஒருவன் “இனி என்னால் முடியாது” என்று சொல்லிவிட்டால், அவனுடைய ஆவணத்தில் ‘மன உறுதி அற்றவன்’ என்று முத்திரை குத்திப் பதவியைப் பறித்த கொடுமையும் நடந்தது.

எனக்கு வால்பக்கத்துத் துப்பாக்கி வீரரின் நிலைதான் எப்போதும் கண்முன் நிற்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள், முழங்காலை நீட்ட இடமில்லாமல், பனியைவிடப் பல மடங்கு குளிரில், மின்சாரத்தால் சூடேறும் உடையை அணிந்துகொண்டு, எட்டு மணி நேரம் வந்த வழியையே பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடம் கிடையாது. அது முதுகுக்குப் பின்னால், கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து மார்பில் பூட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகு முன்னதாக வெளியே விழ வேண்டும். கூண்டு திரும்பாவிட்டால் கதை முடிந்தது.

1944 ஜூன் 12-ஆம் தேதி இரவில் பிரான்சின் கேம்பிரே நகருக்கு மேலே அப்படித்தான் ஒரு கூண்டு சிக்கிக்கொண்டது. முதுகுப்பக்கத் துப்பாக்கி வீரரான ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடா நாட்டவர், குதிக்கப் போன இடத்திலிருந்து திரும்பி, தீக்கு நடுவே ஊர்ந்து போய், கோடரியாலும் வெறுங்கையாலும் அந்தக் கூண்டைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. உள்ளே இருந்தவர் போய்விடும்படி சைகை காட்ட, எரியும் உடையோடு எழுந்து நின்று அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார், தீக்காயத்தால் இறந்தார். விமானம் தரையில் மோதியபோது கூண்டு பிய்ந்து விழுந்து, உள்ளே இருந்த பிரோஃபி உயிரோடு வெளியே வந்ததை என்னவென்று சொல்வது!

போர்க் காலத்தில் நான்கு எஞ்சின் விமானங்கள் எங்கள் ஊர் வானத்தில் போனதாக என் தாத்தா சொல்வார். உண்மையாக இருக்குமா?
– விவசாயி, வேப்பனப்பள்ளி

உங்கள் தாத்தாவை நம்பலாம். கிருஷ்ணகிரிக்கு வடக்கே கோலாரில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்தது. லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு அங்கே இயங்கியது. 1944 நவம்பரில் அந்தப் பிரிவிலிருந்தே 358-ஆம் படைப்பிரிவு உருவாகி, பின்னர் வங்காளத்துக்குச் சென்று பர்மா, சயாம் பக்கம் பறந்தது. ஓசூருக்கு அப்பால் பெங்களூரில், 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பெரிய பழுதுபார்ப்பு நிலையமாகவே மாறியிருந்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை, தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே செப்பனிடப்பட்ட அவை இந்திய விமானப்படையில் 1968 வரை பறந்தன.

ஹெவர்லீ தோட்டத்து வரிசையில் சில கற்கள் மட்டும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்பதாக அந்தப் பேத்தியின் கடிதத்தில் இருந்ததே, ஏன்?
– வாசகர், பென்னாகரம்

ஒரே விமானத்தில் இறந்தவர்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாதபோது அவர்களை ஒன்றாகவே அடக்கம் செய்து, கற்களைத் தோளோடு தோள் சேர்த்து நட்டிருக்கிறார்கள். பதவி, சாதி, செல்வம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே உயரக் கல் என்பது 1917-இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையத்தின் விதி. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது. சென்னை நந்தம்பாக்கத்திலும் அதே ஆணையம் பராமரிக்கும் தோட்டம் இருக்கிறது, வெளிநாடு போகாமலே பார்க்கலாம்.

குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர். உடலே கிடைக்காத விமானப்படையினர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் லண்டனுக்கு அருகே ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் இருக்கின்றன.

இன்னமும் அவர்களைத் தேடுகிறார்களா?
– வாசகி, ஊத்தங்கரை

தேடுகிறார்கள். 1943 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் காணாமல்போன ஸ்டெர்லிங் விமானம் ஒன்றின் பாகம், 2008-இல் நெதர்லாந்து ஏரியொன்றில் படகின் நங்கூரத்தில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. 2020-இல் ஏரிப் படுகையை வாரி எடுத்தார்கள். எந்த விமானம் என்று முதலில் தவறாக எண்ணியிருந்ததைத் திருத்த உதவியது, பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஒரு சிகரெட் பெட்டி.

ஊரையே எரித்தவர்களுக்கு மரியாதை எதற்கு என்று கேட்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.
– வாசகர், அரூர்

தவறாக எண்ணவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். மேன்சர் இறந்த அந்த ஒரே இரவில் கொலோனில் 460-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறக்குறைய 45,000 பேர் வீடிழந்தார்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தொழிற்சாலையை மட்டும் இரவில் குறிபார்க்க இயலவில்லை என்று தெரிந்தபின், நகரத்தையே இலக்காகக் கொள்வது என்று 1942 பிப்ரவரியில் மேலிடம் எடுத்த முடிவு அது. அந்த முடிவை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதே சமயம், முடிவெடுத்தவர்கள் மேசைக்கு முன்னால் இருந்தார்கள், பறந்தவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. போர் முடிந்தபின் அரசே இவர்களைச் சற்றுத் தள்ளி வைத்தது. லண்டனில் இவர்களுக்கென ஒரு நினைவகம் எழும்ப 2012 வரை ஆயிற்று. குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எங்கள் பக்கத்து நடுகற்களில் எப்படிச் செத்தான் என்பதை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளைக் கற்களில் பெயர், வயது, தேதி மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்களா?
– வாசகர், பாலக்கோடு

இந்தக் கேள்வி என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இன்ன அரசனின் இத்தனையாம் ஆண்டில், இன்னார் ஆநிரையைக் கவர்ந்தபோது, அதை மீட்டு, இன்னான் பட்டான் என்று வட்டெழுத்தில் ஒரு வாக்கியம், கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் ஒரு கிண்டி. அம்பு எங்கே தைத்தது என்பதுவரை கல்தச்சனுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஊரே பார்த்திருந்தது. பார்த்தவர்களின் பேரர்கள் எழுத்தை மறந்த பிறகும் எண்ணெய் பூசிப் பொட்டு வைத்து வேடியப்பன் என்று கும்பிட்டார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

விமானத்தில் போனவன் பட்டதைப் பார்த்தவர் இல்லை. இருட்டில், அயல்நாட்டின் மேலே, மூன்று மைல் உயரத்தில் நடந்தது அது. பார்த்திருக்கக்கூடிய ஆறு பேரும் அவனோடேயே போய்விட்டார்கள். படைப்பிரிவின் பதிவேட்டில், புறப்பட்ட நேரத்தை எழுதி, அதற்குப் பின் தகவல் இல்லை என்று ஒரு வரி எழுதுவார்கள். மறுநாள் காலையில் ஓர் அலுவலர் வந்து அவனுடைய பெட்டியைத் திறந்து, சொந்தப் பொருள்களைப் பட்டியலிட்டு, வீட்டுக்கு அனுப்பக்கூடாத கடிதம் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டுக் கட்டிவைப்பார். மாலைக்குள் அந்தக் கட்டிலில் புதிதாக ஒருவன் படுத்திருப்பான். வீட்டுக்குத் தந்தி போகும், அதிலும் ‘காணவில்லை’ என்றுதான் இருக்கும். கல்லில் எழுத விவரம் இருந்தால்தானே எழுதுவார்கள்?

மேன்சர் கையசைத்துப் பாராசூட்டை மறுத்தது நமக்குத் தெரிகிறதென்றால், அதை நீட்டியவர் பிழைத்தார் என்பதால்தான். மைனார்ஸ்கியின் சல்யூட் தெரிகிறதென்றால், திறக்காத கூண்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்த பிரோஃபி தப்பிவந்து சொன்னார் என்பதால்தான். அவர் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்க 1946 ஆயிற்று.

காவேரிப்பட்டணத்து அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேத்தி அந்தத் தோட்டத்துக்குப் போனால், மேன்சரின் கல்லுக்கு இருபுறமும் இருப்பவற்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.