புளியமரம் முடிந்தது, அடுத்து என்ன?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'ஒரு புளியமரத்தின் கதை' படித்து முடித்து ஒரு மாதமாகிறது. அதற்குப் பிறகு எடுத்த எந்த நாவலும் இருபது பக்கம் தாண்டவில்லை. அதே சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வாங்கிவந்தேன். அதுவும் ஓடவில்லை. கோளாறு என்னிடமா, புத்தகத்திலா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: எடுத்த வரிசையில்தான் கோளாறு. புளியமரம் 1966இல் வந்தது, ஜே.ஜே. 1981இல். முதல் நாவலில் தாமோதர ஆசான் உட்கார்ந்து கதை சொல்கிறார். பிறகு கடைவீதிப் போட்டி, நகராட்சித் தேர்தல் என்று சம்பவங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. ஜே.ஜே.யில் அப்படி ஒரு கதையோட்டமே கிடையாது. ஜோசப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகளும், பின்பாதியில் அவனுடைய டைரியும்தான் நாவல். ஆசானின் வாய்க்காகப் போனவர் அங்கே திகைத்து நிற்பது இயல்பு. ஒரு புத்தகம் பிடித்தால் அதே ஆசிரியரின் அடுத்ததை எடுப்பது பலருக்கும் வழக்கம். பாணியை மாற்றிக்கொண்டே போகிற எழுத்தாளரிடம் அது செல்லாது. அவர்தான் வேண்டுமென்றால் 1998இல் வந்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' எடுங்கள். 1930களின் கடைசியில் கோட்டயத்தில் நடக்கும் குடும்பக் கதை. தடித்த புத்தகம், ஆனால் ஆட்கள் நிறைந்த வீடு. ஜே.ஜே.யை அலமாரியிலேயே வையுங்கள், ஓடிவிடாது.

இனி அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை. புளியமரத்தை மறுபடி கையில் எடுத்து, எந்தப் பக்கங்களைத் திரும்பிப் படித்தீர்கள் என்று பாருங்கள். மொத்தக் கதையை யோசித்தால் 'நல்லா இருந்தது' என்பதற்கு மேல் விடை வராது. திரும்பிப் படித்த இடம்தான் உங்களுக்கு எது வேண்டும் என்று காட்டும்.

அது ஆசான் பேசுகிற இடம் என்றால், நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968). களம் குமரி மாவட்டத்து இரணியல். உண்ணாமலை ஆச்சி வாய் திறந்தால் பழைய காலம் வந்து உட்காரும். கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அக்காவுக்காகத் தவிக்கும் திரவியின் கதை அதற்குள் ஓடுகிறது. கடைத்தெருவின் சந்தடி பிடித்திருந்தால், திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று பெயர்கொண்ட கடைவீதியை வாழ்நாள் முழுக்க எழுதிய ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்'. நாவல் இல்லைதான். ஆனால் இருபது பக்கத்தில் நின்றுபோகிறவருக்குச் சிறுகதைதான் முதல் மருந்து. ஒரு கதையாவது முடித்த தெம்பு கிடைக்கும். ஊர்ப் பெரியவரின் பிடி தளர்வதைப் பார்ப்பதில் ருசி இருந்ததென்றால், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). அகமதுக்கண்ணு முதலாளியின் அதட்டலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு எழுகிற எதிர்ப்பும் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். மேஜைமேல் அடுக்கு ஏறினால் ஒன்றைப் படிக்கும்போதே கண் மற்றதற்குப் போகும், எதுவும் முடியாது. கடையிலோ நூலகத்திலோ நின்றபடி ஒரு சோதனை செய்யலாம். முதல் பக்கத்தை நம்பாதீர்கள், அதை எல்லா எழுத்தாளரும் இழைத்து இழைத்துத்தான் வைத்திருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில், பேச்சு வருகிற பக்கமாகப் பார்த்து இரண்டு பக்கம் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாமலே அந்தப் பேச்சு உங்களை நிறுத்திவைத்தால் வாங்கலாம். வாங்கிய பிறகு ஐம்பது பக்கம் அவகாசம் கொடுங்கள். இங்கத்து நாவல்களில் உறவுமுறை பிடிபடவே முப்பது பக்கமாகும். அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி, யாருக்கு யார் என்று கோடு போட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும் (நூலகப் புத்தகம் என்றால் தனித்தாளில்!).

கேள்வி: தகழியின் 'செம்மீன்' தமிழில் படித்தேன், விட மனமில்லை. மலையாளம் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மொழிபெயர்ப்பில் அடுத்து எதை நம்பி எடுப்பது? நாஞ்சில் நாட்டு நாவல்களின் பேச்சுவழக்கும் எனக்குக் கடினமாக இருக்கிறது.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மொழிபெயர்ப்பில் மூல ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பாருங்கள். 'செம்மீ'னைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. தகழியின் 'தோட்டியின் மக'னையும் அவரே தமிழில் தந்திருக்கிறார். மலையாள மூலம் 1947. ஆலப்புழையில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன் என்று மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. செம்மீனின் கடலும் அந்த மாதிரிக் காதலும் இதில் கிடையாது. அதை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். செம்மீனில் பிடித்தது காதல்தான் என்றால் பஷீரின் 'பால்யகால சகி' (1944) பொருத்தம். மெலிந்த புத்தகம், ஒரே இருப்பில் முடியும். குளச்சல் மு. யூசுப் தமிழாக்கத்தில் தேடுங்கள்.

கடையில் எடுத்ததும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் பாருங்கள். மூலத் தலைப்பு, மொழி, பதிப்பு விவரம் எல்லாம் அங்கேதான் இருக்கும். மலையாளத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் சுற்றி வந்ததா, சுருக்கப்பட்டதா என்று கவனியுங்கள். ஆங்கிலம் வழியாக வந்ததில் 'சேட்டா', 'அம்மாவா' போன்ற விளிகள் உதிர்ந்து, யார் யாரை எந்த மரியாதையில் கூப்பிடுகிறார் என்பதே தெரியாமல் போய்விடும்.

நாஞ்சில் வழக்குக்கு ஒரே வழி, உரையாடலைச் சத்தமாகப் படிப்பது. 'ஓர்மை', 'பைய' போன்றவை கண்ணுக்கு அந்நியமாகத் தெரிந்தாலும் மலையாளம் கேட்டுப் பழகிய காதுக்குப் பிடிபடும். உங்களுக்கு அது சுலபம், சென்னைக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) கொண்டு தொடங்குங்கள். சின்ன நாவல், பனையேறிகளின் ஊர், லிஸி என்ற பெண்ணைச் சுற்றியே போவதால் வழி தவறாது. 'தலைமுறைகள்' அதற்கப்புறம்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு, படிப்பு தமிழில். 'தலைமுறைகள்' போல் எங்கள் பக்கத்துக்கு ஏதும் உண்டா?
– வாசகர், நகரி

பதில்: கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). தெலுங்கு பேசும் குடும்பங்கள் வடக்கேயிருந்து தப்பித்து வந்து கரிசல் மண்ணில் ஊர் அமைத்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டி சொல்கிறார். அதன் தொடர்ச்சி 'கோபல்லபுரத்து மக்கள்', 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தொடர்ச்சியை முதலில் படிக்காதீர்கள். ஓட்டமான தெலுங்கு நாவலே தமிழில் வேண்டுமென்றால், எண்டமூரி வீரேந்திரநாத்தை கௌரி கிருபானந்தன் மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள்.