அப்பாவும் களிதான், நானும் களிதான். எனக்கு மட்டும் ஏன் சர்க்கரை?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். வயது 52, உரக்கடை வைத்திருக்கிறேன். அப்பா கடைசிவரை கேழ்வரகுக் களிதான் சாப்பிட்டார். சர்க்கரை என்று அவர் படுத்ததே இல்லை. நானும் ராத்திரியில் இரண்டு உருண்டை களிதான். ஆனாலும் வெறும் வயிற்றில் 142 காட்டுகிறது. மகள் ஓட்ஸுக்கு மாறச் சொல்கிறாள். நடக்கலாம் என்றால் முதுகும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. என்ன செய்வது?

பதில்: களியை விட வேண்டாம், உருண்டையைச் சிறிதாக்குங்கள். (அப்பாவுக்கு யாராவது சர்க்கரை பார்த்தார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அது கிடக்கட்டும்.)

கேழ்வரகு என்றால் சர்க்கரையே ஏறாது என்று நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. அவ்வளவுதான் வித்தியாசம். நார்ச்சத்திலும் சுண்ணாம்புச்சத்திலும்தான் கேழ்வரகு அரிசியைத் தூக்கிச் சாப்பிடும். அந்த நார்ச்சத்தையும் மாவை நைசாக அரைத்து, சலித்து, அரிசி நொய் சேர்த்துக் கிண்டிக் குறைத்துவிடுகிறோம். போதாததற்கு, களியை யாரும் மெல்வதில்லை. குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது மண்டைக்குத் தெரிவதற்குள் இரண்டாவது உருண்டையும் உள்ளே போயிருக்கும்.

அப்பா அதே களியைச் சாப்பிட்டுவிட்டு ஏர் பிடித்தார், சந்தைக்கு நடந்தார். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நீங்கள் சாப்பிடுவது கடையைச் சாத்திவிட்டு வந்தபிறகு. அடுத்த வேலை படுக்கை. இழுக்க ஆள் இல்லை.

அதனால் ராத்திரிக் களி ஒரே ஒரு சின்ன உருண்டை போதும். தட்டில் முதலில் கடைந்த கீரையோ அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளோ நிறைய இருக்கட்டும். அதில் பாதியைச் சாப்பிட்டபிறகு களியில் கை வையுங்கள். மாவைச் சலிக்காதீர்கள், நொய்யையும் குறையுங்கள். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, உடனே உட்காராமல் பத்து நிமிடம் தெருவில் நடங்கள். விடிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடப்பதாகச் சபதம் எடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; பத்தாம் நாள் போர்வைக்குள் இருப்பார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பதே 150தான்.

142ஐ அலட்சியம் செய்ய வேண்டாம். வெறும் வயிற்றில் 126ஐத் தாண்டினாலே சர்க்கரை நோயாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி பரிசோதனையும் செய்து, 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள். மாத்திரை போடத் தொடங்கியபின் வேளை தவறிச் சாப்பிடுவது, பட்டினி கிடப்பது கூடாது; சில மாத்திரைகளில் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ நேரிடலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊருக்கு வரும் பணியாளரிடம் கேளுங்கள்.

முதுகு, இடுப்புப் பிடிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். வீட்டில் போர் தண்ணீரா? நம் தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலிருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படியும், அளவு கூடக்கூட மூட்டும் முதுகெலும்பும் இறுகும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். களிக்கு உலை வைப்பதும் அதே தண்ணீரில்தானே? குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் அளவு தெரிந்துவிடும். முதுகை எலும்பு மருத்துவரிடம் காட்டும்போது எந்தத் தண்ணீரை எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.