‘வெறும்’ என்று சொல்லலாமா?

கேள்வி: தென்துருவத்துக்காக உயிரைப் பணயம் வைத்த ஸ்காட், அமுண்ட்சென் ஆகியோரை விட்டுவிட்டு, வெறும் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பெடுத்த வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸைச் சென்ற இதழில் ஏன் அவ்வளவு புகழ்ந்தீர்கள்?
– வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள ‘வெறும்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. கொடி நட்டவருக்கு ‘மாவீரர்’, அளந்து எழுதியவருக்கு ‘வெறும்’ என்று பங்கு பிரிக்கும் வழக்கத்தோடு இந்தப் பக்கத்தில் நெடுநாளாகச் சண்டை போட்டு வருகிறேன். இன்னொரு முறையும் போடுகிறேன்.

பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் உச்சியில் அன்று ஒரு வானிலை நிலையம் இருந்தது. இரவென்றும் பனிப்புயலென்றும் பாராமல் மணிக்கொரு முறை அங்கே அளவுகள் எடுக்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1892இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் அண்டார்க்டிகாப் பக்கம் போய்வந்த புரூஸ், 1895-96இல் இந்த உச்சியில்தான் வேலை பழகினார். அங்கே படிந்த ஒழுங்கை அவர் அண்டார்க்டிகாவுக்கும் கொண்டுபோனார்.

1843இல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ், அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் 4,000 பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறு விட்டும் தரை தட்டவில்லை என்று எழுதிவைத்தார். அறுபது ஆண்டுகள் நிலப்படங்களில் ஆழமான பள்ளமாக நின்ற அந்த இடத்துக்கு 1904இல் ‘ஸ்கோஷியா’ கப்பலில் போன புரூஸ், 2,660 பாகத்திலேயே தரையைத் தொட்டுக் காட்டினார். இல்லாத பள்ளம் ஒன்றை உலகப் படத்திலிருந்து நீக்குவது, என் கணக்கில், புதிய நிலம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குக் குறைந்ததல்ல. அதே பயணத்தில் அவர் புதிய நிலத்தையும் கண்டார். பயணத்துக்குப் பணம் தந்த நூல் ஆலைக் குடும்பத்தின் பெயரால் அதற்குக் கோட்ஸ் லேண்ட் என்று பெயரிட்டார். துருவத்தை நோக்கி அவர் ஓடவில்லை. அது அவருடைய நோக்கமே அல்ல.

லண்டனில் ராயல் ஜியோகிராபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், புரூஸின் ஸ்காட்லாந்துப் பயணத்தை ஸ்காட்டின் பயணத்துக்கு எதிரான போட்டியாகவே பார்த்தார். மற்றவர்கள் பெற்ற துருவப் பதக்கம் புரூஸுக்கும் அவருடைய குழுவினருக்கும் கடைசிவரை கிடைக்கவில்லை. தமக்கென்று மட்டும் அல்லாமல் தம் ஆட்களுக்காகவும் அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார் அவர். இந்த அநீதியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இனி, நீங்கள் சொன்ன வெப்பமானிக்கு வருகிறேன். 1903இல் அண்டார்க்டிகாவுக்கு அருகே உள்ள தெற்கு ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் லாரி தீவில், புரூஸ் குழுவினர் சாந்தில்லாமல் கற்களை அடுக்கி ஒரு வீடு கட்டி, அங்கே வானிலைப் பதிவைத் தொடங்கினார்கள். தாம் திரும்பிய பிறகும் அது நின்றுவிடக் கூடாது என்பதற்காக, 1904இல் புரூஸ் அந்த நிலையத்தை அர்ஜென்டினா அரசிடம் ஒப்படைத்தார். ஆர்காடாஸ் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. அண்டார்க்டிகாவின் பெரும்பாலான நிலையங்களில் பதிவுகள் 1940களுக்குப் பிறகே தொடங்குகின்றன. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் பகுதி எவ்வளவு குளிர்ந்திருந்தது, பிறகு எவ்வளவு சூடேறியது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் எவரும், நீங்கள் ‘வெறும்’ என்று ஒதுக்கிய அந்த எண்களிடம்தான் போயாக வேண்டும்.

புரூஸ் ஊர் திரும்பிய பிறகும் அந்தத் தீவிலேயே தங்கி, இரண்டாவது குளிர்காலத்திலும் பதிவைத் தொடர்ந்தவர் ராபர்ட் மாஸ்மன். அடுத்த இதழில் அவரைப் பற்றி எழுதப்போகிறேன். அவரும் வெப்பமானி பார்த்தவர்தான்.