உருண்டை பொம்மைகள்

அன்புள்ள ஐயா,

மைசூர் போகும் வழியில் சென்னபட்டணாவில் இறங்கி, பத்து மாத மகளுக்கு மரக் கிலுகிலுப்பையும் தலையாட்டி பொம்மையும் வாங்கினோம். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறாள். சாயம் ஆபத்தில்லையா? இன்னொன்று, கடைக்குக் கடை ஒரே உருண்டை பொம்மைகள். ரோபோ, கார் என்று மாறாவிட்டால் இந்தத் தொழில் எப்படிப் பிழைக்கும்?

கார்த்திகா, பெங்களூரு

அன்புள்ள கார்த்திகா,

மகளுக்கு என் முத்தம். மஞ்சள், அவுரி மாதிரி செடிச் சாயம் கலந்த அரக்கு என்றால் பயப்படாதீர்கள். பெயின்ட் அடித்த பொம்மையும் அதே கடைகளில் விற்கிறது, கேட்டு வாங்க வேண்டும். கார் அங்கே இருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. விற்பனை, போட்டி பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் 'ஒரே உருண்டை' என்று சலித்துக்கொண்டீர்களே, அதை விட மாட்டேன். பட்டறைக்குள் எட்டியாவது பார்த்தீர்களா? விலை கேட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறியிருப்பீர்கள். உலர்ந்த வெட்பாலைக் கட்டையைக் கடைசல் எந்திரத்தில் மாட்டி, சுழலச் சுழல உளி கொடுத்து உருவம் எடுப்பார்கள். அப்புறம் அது சுழலும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்தினால் சீராகப் பரவி மினுங்கும். கண்ணும் வாயும் எழுதத்தான் தூரிகை. சுழலாத பரப்பில் இப்படி அரக்கு ஏற்ற முடியாது. உங்கள் சதுர ரோபோவை ரம்பத்தால் அறுத்து, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். எந்தச் சாயத்துக்குப் பயந்து எனக்கு எழுதினீர்களோ, அதையே பூசச் சொல்கிறீர்கள் அம்மா!

சின்ன வயதில் என் அத்தை அம்பாசமுத்திரத்திலிருந்து ஓலைப்பெட்டியில் மரச் சொப்பு வாங்கி வருவாள். குடம், உரல், திருகை, குத்துவிளக்கு. அதுவும் கடைசல்தான், அரக்குதான். அடுக்களையில் எதெல்லாம் கடைசலுக்கு வாகான உருண்டையோ, அதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்தால் எனக்கு அந்தப் பெட்டி தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். திருகையைச் சுற்றிக்கொண்டே தூங்கிப்போவேன். உருண்டை என்று எந்தக் குழந்தையும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சுத்தம் செய்கிறேன் என்று கிலுகிலுப்பையை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், சானிடைசரும் வேண்டாம். இரண்டிலும் அரக்கு கெட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். தலையாட்டி பொம்மையின் தலை ஸ்பிரிங்கில் நிற்கிறது. அவள் கொஞ்சம் வளரும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.