யார் சார் அப்படி அழுத்துவார்கள்?

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர். எங்கள் டீமில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் ஒருவர் இருக்கிறார். செயலியில் 'வாங்கு' பொத்தானை அழுத்தி, பதில் வருவதற்குள் போனைப் பக்கவாட்டில் திருப்பி, மறுபடி அழுத்தினால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறதாம். எந்த மனிதர் இப்படிச் செய்வார்? என் மெஷினில் ஒருமுறைகூட வரவில்லை. அவர் பதிந்த பிழைப் புகாரை, அதாவது டிக்கெட்டை, மூடிவிட்டேன். அவர் மறுபடி திறக்கிறார். இப்படி வேலையைக் கெடுப்பவர்களை என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: எந்த மனிதர் செய்வார் என்று கேட்கிறீர்கள். உங்கள் டெஸ்டர் செய்திருக்கிறார். அவரை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள்?

நீங்கள் எழுதியிருக்கிற விதத்தில் அது ஏதோ கழைக்கூத்து போலத் தெரிகிறது. அதையே நான் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர் ராத்திரி படுத்துக்கொண்டே ஏதோ வாங்குகிறார். நெட் மந்தம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அலுத்துப்போய்ப் புரண்டு படுக்கிறார், திரையும் கூடவே புரள்கிறது. பார்த்தால் பொத்தான் பழையபடி பளிச்சென்று நிற்கிறது. 'சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது' என்று இன்னொரு தட்டு. இதற்குக் கழைக்கூத்தாடி எதற்கு? தூக்கம் வராத ஒரு ஆள் போதும்.

உங்கள் செயலி ஆண்ட்ராய்டில் ஓடுவது என்று வைத்துக்கொள்கிறேன். அதில் போனைத் திருப்பினால், நீங்கள் தனியாக ஏற்பாடு செய்திராவிட்டால், இருந்த திரை அழிந்து புதிதாக ஒன்று எழும். முதல் தட்டலுக்குப் பிறகு பொத்தானை முடக்கி வைத்திருப்பீர்கள். அந்த முடக்கம் பழைய திரையோடு போயிற்று. புதுத் திரைக்கு முன்கதை தெரியாது. உங்கள் மெஷினில் ஏன் வரவில்லை? ஆர்டரை வாங்கிப் பதியும் சர்வரும் உங்கள் மேஜை மேலேயே ஓடினால் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். புரண்டு படுக்க நேரம் ஏது?

'எங்களுக்கு வரவில்லை' என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களுக்கு முன்பே உண்டு. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். கனடாவில் தயாரானது. 1986 மார்ச்சில், அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் டைலர் நகர மருத்துவமனையில், ஒரு நோயாளி மேல் அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது. திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்ற ஒற்றை வரி. தயாரிப்பாளரின் ஆட்கள் வந்து சோதித்தார்கள். கோளாறு எதுவும் அகப்படவில்லை. இயந்திரம் மறுபடி வேலைக்கு வந்தது. மூன்றே வாரத்தில் இரண்டாவது நோயாளி. இருவருமே பிறகு இறந்துபோனார்கள்.

இரண்டாவது தடவை அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் விடவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, அதை இயக்கிய பெண்ணையும் கூட வைத்துக்கொண்டு, அன்று என்னென்ன தட்டினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். எலக்ட்ரான் கதிருக்கு 'ஈ' தட்ட வேண்டிய இடத்தில், பழக்க தோஷத்தில் எக்ஸ்ரேவுக்கான 'எக்ஸ்' விழுந்திருக்கிறது. மேலே போய்த் திருத்திவிட்டு என்டர். அவ்வளவுதான். உள்ளே காந்தங்கள் நிலைக்கு வர ஏறக்குறைய 8 விநாடி பிடிக்கும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டால் திரையில் ஒன்று, இயந்திரத்துக்குள் வேறொன்று. தயாரிப்பாளருக்குச் சொன்னார்கள். அங்கே செய்து பார்த்தால் அப்போதும் வரவில்லை! 'வேகமாகத் தட்ட வேண்டும்' என்று விளக்கிய பிறகுதான் வந்தது. நிதானமாகத் தட்டுகிறவர் கையில் ஒளிந்துகொண்ட பிழை, தினமும் அதே வேலை செய்து கை பழகியவரிடம் வெளியே வந்திருக்கிறது. யாருக்கோ எப்போதோ நேரும் 'எட்ஜ் கேஸ்' என்று நீங்கள் ஒதுக்குகிறீர்களே, அது அந்தப் பெண்ணுக்கு அன்றாட வேலை.

உங்கள் ஆர்டரில் உயிர் போகாது, பணம்தான் போகும். சரி.

'லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும்' என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் என்ற கம்ப்யூட்டர் சிப்பில் சில எண்களை வகுத்தால் விடை தப்பாக வருவதை 1994இல் ஊரறியச் சொன்னவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களின் (5, 7 போல இரண்டே வித்தியாசத்தில் வரும் பகா எண்கள்) தலைகீழ்களை, அதாவது 1/5, 1/7 என்று, கூட்டிக்கொண்டிருந்தவர். (யார் சார் அதைச் செய்வார்கள்?) சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்றது இன்டெல். விரிதாளில் கணக்குப் போடுகிறவருக்கு 24 நாளுக்கு ஒருமுறை வரலாம் என்றது ஐபிஎம். பிழை ஒன்றுதான். கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற ஊகம்தான் வேறு. அந்த டிசம்பரில், கேட்டவருக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அந்த நோய் உண்டு. போன மாதம் நான் நாலு முறை படித்து அனுப்பிய கட்டுரையில் 'மறுத்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மறந்தார்' என்று இருந்தது. நாலு முறையும் என் கண்ணுக்கு 'மறுத்தார்' என்றே தெரிந்தது. பிழை திருத்துபவர் தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது வாயில் வந்தது நன்றி இல்லை. 'இதை யார் கவனிக்கப்போகிறார்கள்' என்பதுதான். நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

எல்லாப் பிழையையும் திருத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயர்க் கட்டத்தில் ஐயாயிரம் எழுத்தை ஒட்டினால் திரை கோணிக்கொள்கிறது என்றால் தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். ஆனால் 'இப்போது செய்யவில்லை, காரணம் இது' என்று எழுதித் தள்ளிப்போடுங்கள். டெஸ்டரும் இதைப் படிப்பாரானால் அவருக்கு ஒரு வார்த்தை: 'சில சமயம் வருகிறது' என்று மட்டும் எழுதினால் அது புரளி. எந்த போன், எந்த வெர்ஷன், நெட் எவ்வளவு மந்தம், பத்து முறையில் எத்தனை முறை என்று எழுதுங்கள். குரூப்பில் எல்லோரும் பார்க்கப் போட்டு உடைக்கவும் வேண்டாம்.

இரட்டை ஆர்டருக்கு வருகிறேன். பொத்தானை முடக்குவதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் செயலியே ஒரு தனி எண் போட்டு அனுப்பட்டும், திரை புதிதாக எழுந்தாலும் அந்த எண் மாறக்கூடாது. அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரட்டும். பிழையைத் தேடும்போது, செயலி என்னென்ன செய்கிறது என்று குறித்துவைக்கும் லாக் போட்டதும் பிழை காணாமல் போனால், சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். லாக் எழுத ஆகும் நேரமே, பிழை வருவதற்கு வேண்டிய அந்த நேர இடைவெளியை மாற்றிவிடலாம்.

அதற்கெல்லாம் முன்னால் டெஸ்டர் இடத்துக்குப் போய், நெட்டை மெதுவாக்கிவிட்டு, ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். போனை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம், அவர் கையைப் பாருங்கள். போகும்போது அந்த டிக்கெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.